வேலையை விட்ட பிறகு ஈ.எஸ்.ஐ. எத்தனை மாதம் ஓடும்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எப்போது எடுக்கணும்? (குமரி மாவட்டத்தாருக்கு)

#1 வடசேரி_கணக்கு

வேலையை விட்ட மறுநாளே ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கார்டு செத்துப்போகும் என்று கம்பெனி வாசல்தோறும் ஒரு பேச்சு. அதை நம்பி ஆறேழு மாத வைத்தியத்தைக் கைக்காசு போட்டுப் பார்க்கிறவர்கள் நம் மாவட்டத்தில் நிறைய. கணக்கு என்னவென்று எழுதிவிடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

ஈ.எஸ்.ஐ.யில் வருஷம் இரண்டு துண்டு. பணம் கட்டுகிற காலம் வேறு, அதற்குப் பலன் கிடைக்கிற காலம் வேறு.

ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை கட்டியதற்குப் பலன், அடுத்த ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை.
அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை கட்டியதற்குப் பலன், அடுத்த ஜூலை 1 முதல் டிசம்பர் 31 வரை.

ஒரு கட்டும் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குப் பங்களிப்பு இருந்தால், அதற்கு இணையான பலன் காலம் முடிகிறவரை உங்களுக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி உண்டு. நடுவில் வேலையை விட்டாலும் உண்டு.

ஒருவர் 2025 ஆகஸ்ட் 31-ல் வேலையை விடுகிறார், அதுவரை ஒழுங்காக வேலை என்று வையுங்கள். 2024 அக்டோபர் முதல் 2025 மார்ச் வரை கட்டியது அவரை 2025 டிசம்பர் 31 வரை தாங்கும். 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை கட்டியது 78 நாளைத் தாண்டிவிட்டதால் 2026 ஜனவரி முதல் ஜூன் 30 வரை தாங்கும். ஆக, வேலை விட்ட பின் பத்து மாதம். இடையில் ஒரு நாள் கூட ஓட்டை இல்லை.

இதையே கொஞ்சம் முந்தி, ஜூன் 10-ல் விட்டிருந்தால்? ஏப்ரல் 30, மே 31, ஜூன் 10, மொத்தம் 71 நாள். ஏழு நாள் குறைவதால் டிசம்பர் 31-ஓடு முடிந்தது. ராஜினாமா தேதியை ஒரு வாரம் தள்ளினால் ஆறு மாத வைத்தியம். எழுதிக் கொடுக்கும் முன் காலண்டரைப் பாருங்கள்.

உங்கள் நாள் கணக்கைப் பார்க்க உமங் செயலியில் ஈ.எஸ்.ஐ.சி. பக்கம் போய், 10 இலக்க ஐ.பி. எண் (காப்பீட்டாளர் எண்) போட்டு, பங்களிப்பு விவரத்தைத் திறக்கலாம். எந்த மாதத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று வரிசையாக வரும். பலன் தகுதி தனிப் பக்கத்தில் இருக்கும்.

#2 கருங்கல்_கொல்லாமாவு

அண்ணே, மாதச் சம்பளக்காரருக்கு இது சரி. அண்டி ஆபீஸ்ல (முந்திரி ஆலையில) வேலை பாக்குற பொம்பளைங்களுக்கு 78 நாள் லேசுல வராது. கொட்டை வந்தா வேலை, வராட்டா வீடு. நாள்கூலிக்கு ஞாயித்துக்கிழமையும் கணக்குல சேராது, கூலி கொடுத்த நாள் மட்டுந்தான்.

ஒரு ஆளோட கூலிச் சீட்டை இப்படி வச்சுப் பாருங்க. ஏப்ரல் 22, மே 20, ஜூன் 8, ஜூலையில ஷெட்டு பூட்டு, ஆகஸ்ட் 14, செப்டம்பர் 12. கூட்டினா 76. ரெண்டு நாள் குறைஞ்சதுக்கு ஜனவரியில இருந்து ஆறு மாசம் கார்டு வேலை செய்யாது. ஆனா பாருங்க, ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்குள்ள மே 1-ம் ஆகஸ்ட் 15-ம் வருது. ரெண்டும் சம்பளத்தோட விடவேண்டிய விடுமுறை. கூலி கொடுத்த விடுமுறை, கூலி கொடுத்த நாள்தான். அதைச் சேர்த்தா 78. பல இடத்துல கணக்குப்பிள்ளை ஷெட்டுல ஆள் இருந்த நாளை மட்டும் எண்ணி ஏத்திடுறாரு. இந்த ரெண்டு நாளும் காணாமப் போறது அப்படித்தான்.

அதனால எக்காமாருக்குச் சொல்றது: மே மாசச் சீட்டையும் ஆகஸ்ட் மாசச் சீட்டையும் தனியா எடுத்துப் பாருங்க. விடுமுறைக் கூலி கையில வந்திருக்கா? வந்திருந்தா அந்த நாள் ஈ.எஸ்.ஐ.யில ஏறியிருக்கா? ஏறலன்னா கூடுதல் பங்களிப்பா முதலாளி பிறகும் கட்டலாம், அதுக்கு வழி இருக்கு. செப்டம்பர் முடியுறதுக்குள்ள கேட்டா சண்டையில்லாம முடியும்.

பிரசவத்துக்கு வேற கணக்கு. முந்தின ரெண்டு கட்டும் காலத்தையும் சேர்த்து 70 நாள் இருந்தாப் போதும், 26 வாரத்துக்கு முழுச் சராசரிக் கூலி. ஆறு மாசத்துல 78 வராதவங்களுக்கும் ஒரு வருஷத்துல 70 வந்திருக்கும். பிள்ளைபேறு நேரத்துல கார்டு போயிட்டுன்னு நினைச்சு கேக்காம விட்டுறாதீங்க.

#3 வடசேரி_கணக்கு

மே 1, ஆகஸ்ட் 15 விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. ரொம்பச் சரி. மற்ற பாதியிலும் அதுபோல ஜனவரி 26, அக்டோபர் 2 உண்டு. அவை தவிர பண்டிகை விடுமுறைகளும் இருக்கும். நிறுவனம் வருஷ ஆரம்பத்தில் ஒட்டுகிற விடுமுறைப் பட்டியலை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டால் பேச வசதி.

#4 பார்வதிபுரம்_பாலம்

என் கேள்வி வேற. சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டிட்டா அன்னிக்கே ஈ.எஸ்.ஐ. நின்னுடுமா? எங்க எச்.ஆர். அடுத்த மாசத்துல இருந்து பிடிக்க மாட்டோம்னு சொல்றாங்க.

#5 வடசேரி_கணக்கு

நிற்காது. கட்டும் காலத்தின் நடுவில் தாண்டினால், அந்தக் காலம் முடிகிறவரை பிடித்தே ஆகணும், அதுவும் புதிய சம்பளம் முழுவதற்கும். ஜூனில் 23,000 ஆனது என்றால் செப்டம்பர் வரை உங்கள் பங்கு 0.75 சதவீதம், 172.50, ரூபாய்க்கு உயர்த்தி 173. நிறுவனப் பங்கு 3.25 சதவீதம், அது 747.50, அதாவது 748. அவர்களுக்கு உறுத்துவது இந்தத் தொகைதான், உங்கள் 173 அல்ல.

அக்டோபரில்தான் வெளியே போவீர்கள். அதற்குப் பிறகும் #1-ல் சொன்ன கணக்குப்படி அடுத்த ஜூன் 30 வரை மருத்துவம் உண்டு. மாற்றுத்திறனாளி என்றால் வரம்பு 25,000.

ஜூனிலேயே நிறுத்தினால் இழப்பு என்ன என்று பாருங்கள். ஏப்ரல், மே இரண்டும் சேர்ந்து 61 நாள். 78 வராது. அந்த ஜனவரி போச்சு. எச்.ஆர். சொல்வதை ஏற்காதீர்கள்.

#6 தக்கலை_இசேவை

ஓய்வு பெற்றவர்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 58-ல் ஓய்வு என்றால் பத்து மாதத்தோடு முடிவதில்லை. குறைந்தது 5 வருஷம் ஈ.எஸ்.ஐ.யில் காப்பீட்டாளராக இருந்து, வயது முதிர்ந்து ஓய்வு பெற்றவருக்கும், விருப்ப ஓய்வில் போனவருக்கும், வருஷத்துக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் அவர் மனைவிக்கும் (அல்லது கணவருக்கும்) மருத்துவ வசதி தொடரும். மாதம் பத்து ரூபாய். ஒரு சாயாக் காசு. பிள்ளைகளுக்கு இதில் இல்லை, தம்பதிக்கு மட்டும்.

வேலையில் அடிபட்டு நிரந்தர ஊனத்தால் வேலையை விட நேர்ந்தவருக்கும் இதே 120 ரூபாய் வசதி உண்டு, ஓய்வு வயது எட்டுகிறவரை.

இதைக் கெடுப்பது ஒரு எண். அடுத்த பதிவில் எழுதுகிறேன், கவுண்டரில் ஆள் நிற்கிறது.

#7 தக்கலை_இசேவை

தொடர்ச்சி. நிறுவனம் மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. தளத்தில் பட்டியல் ஏற்றும்போது, வேலைநாள் பூஜ்யம் என்று போடுகிற ஆளுக்குக் காரண எண் கொடுக்கணும். 1 விடுப்பு. 2 வேலையை விட்டவர். 3 ஓய்வு. 4 வரம்புக்கு வெளியே போனவர். 5 இறந்தவர். 10 ஆட்குறைப்பு. 11 வேலை இல்லை. விட்டவர், ஓய்வு, ஆட்குறைப்பு இவற்றுக்குக் கடைசி வேலைநாளும் போடணும்.

பட்டியல் ஏற்றுகிற பையன் எல்லாருக்கும் 2 போட்டுத் தள்ளிவிடுவான். சுலபம் பாருங்கள். ஓய்வு பெற்ற பெரியவர் 120 ரூபாயோடு கிளை அலுவலகத்துக்குப் போனால், கணினியில் அவர் வேலையை விட்டுப் போனவர். ஆட்குறைப்பில் போனவருக்கு இன்னும் மோசம், அவருடைய வேலையின்மைப் படியே இந்த எண்ணில் தொங்குகிறது.

ஆகவே கடைசி நாளன்று நிறுவனத்திடம் கையோடு வாங்கவேண்டியது: ஓய்வு பெற்ற தேதியும் காரணமும் எழுதிய சான்று, லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு. பிறந்த தேதி ஆதாரிலும் ஈ.எஸ்.ஐ. பதிவிலும் ஒன்றாக இருக்கணும். ஆதாரில் 1967, ஈ.எஸ்.ஐ.யில் 1969 என்று இருந்தால் 58-ல் ஓய்வு என்று சொன்னாலும் கணினி ஒத்துக்கொள்ளாது. வேலையில் இருக்கும்போதே நிறுவனம் வழியாகத் திருத்துங்கள். வெளியே வந்தபின் திருத்துவது பெரும்பாடு.

எண் தப்பாக ஏறிவிட்டதா, முதலில் நிறுவனத்தின் கடிதம், அதை வைத்து நாகர்கோவில் கிளை அலுவலகத்தில் மனு. அங்கே நகரவில்லை என்றால் திருநெல்வேலி துணை மண்டல அலுவலகம். இலவச எண் 1800 11 2526.

#8 குழித்துறை_ஆத்துப்பாலம்

எல்லாம் சரி மக்கா, ஈ.எஸ்.ஐ. மருந்தகத்துல வரிசையில நின்னு நாலு மாத்திரை வாங்குறதுக்கா இம்புட்டுக் கணக்கு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எடுத்தா அஞ்சு லட்சம். அதை எடுத்துட்டுப் போறது தானே.

#9 வடசேரி_கணக்கு

அண்ணாச்சி, அந்த நாலு மாத்திரைதான் விஷயமே. சர்க்கரை, பிரஷர், தைராய்டு, ஆஸ்துமா இப்படி மாசாமாசம் மருந்து வேண்டியவருக்கு முதலமைச்சர் அட்டை உதவாது. அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து செய்கிற, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு. அறுவை சிகிச்சை, இதயம், புற்றுநோய், டயாலிசிஸ், சில பரிசோதனைகள். குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் என்பது உண்மை, ஆனால் வெளிநோயாளிச் சீட்டுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

ஈ.எஸ்.ஐ. அப்படியில்லை. மருந்தகம், அங்கே முடியாவிட்டால் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் உள்ள ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, அங்கேயும் முடியாவிட்டால் ஒப்பந்தத் தனியார் ஆஸ்பத்திரி. ஒவ்வொரு படிக்கும் பரிந்துரைச் சீட்டு வேண்டும், அலைச்சல் உண்டு, மறுக்கவில்லை. களியக்காவிளையிலிருந்து வண்ணார்பேட்டைக்குப் போய்வர ஒரு நாள் போய்விடும். சீட்டில்லாமல் நேரே தனியாரில் சேர்ந்துவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால், உயிருக்கு ஆபத்தான அவசரம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால்தான் பேச்சு. மற்ற பில்லெல்லாம் பணம் தராமல் திருப்பிவிடுவார்கள்.

இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை. ஈ.எஸ்.ஐ. மிச்சமிருக்கிற மாதங்களில் அட்டை வேலையை முடித்து வையுங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

#10 தக்கலை_இசேவை

அட்டை எடுக்கிற முறை.

தகுதி: குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள். 2022 ஜனவரியில் திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது 72,000-லிருந்து உயர்த்தியது. பழைய வரம்பை மனதில் வைத்துக்கொண்டு நமக்குக் கிடையாது என்று இன்றும் சிலர் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

1,20,000 என்றால் மாதம் 10,000. 12,000 வாங்கிக்கொண்டு ஈ.எஸ்.ஐ.யில் இருக்கிறவர் வருஷம் 1,44,000, வேலையில் இருக்கும்வரை அட்டைக்கு வெளியே. வேலை போனதும் வருமானம் இறங்குகிறது. அப்போதுதான் உள்ளே வருகிறார். அதனால் வருமானச் சான்றை வேலையை விட்ட பிறகுதான் போடணும். ஆறு மாதம் முன்பு பிள்ளைகள் படிப்புக்கு எடுத்த சான்றில் 1,44,000 என்று இருக்கும், அதைக் கொண்டுபோய் நீட்டாதீர்கள்.

முதலில் இ-சேவையில் வருமானச் சான்று, எண் ஆர்.இ.வி. 103. கட்டணம் 60 ரூபாய். குடும்ப அட்டை, ஆதார், போட்டோ, அதோடு பணிவிடுவிப்புக் கடிதம். கடிதம் இல்லாமல் போட்டால் வி.ஏ.ஓ. பழைய சம்பளத்தையே எழுதுவார், அவர் மேல் தப்பில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., பிறகு தாலுகா அலுவலகம். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்துப் பார்க்கலாம். நின்றிருந்தால் அந்த மேசைக்கு மட்டும் போங்கள், எல்லா மேசைக்கும் போக வேண்டாம்.

குடும்ப வருமானம் என்றால் குடும்ப அட்டையில் உள்ள எல்லாருடையதும். மகன் வளைகுடாவில் இருக்கிறான், பெயர் அட்டையில் இருக்கிறது என்றால் அவன் அனுப்புவதையும் கேட்பார்கள்.

பிறகு நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையம். குடும்ப அட்டை, எல்லாருடைய ஆதார், வருமானச் சான்று, மூன்றும் அசல் கையில். போட்டோ எடுப்பதற்குக் குடும்பத் தலைவரைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், மற்றவர்களும் வந்தால் மறு அலைச்சல் மிச்சம்.

விண்ணப்பம் திரும்பி வருகிற காரணங்கள் மூன்றுதான் பெரும்பாலும். ஆதாரில் முன்னெழுத்து பின்னால், குடும்ப அட்டையில் முன்னால். தாய் தகப்பன் பெயர் வேறு அட்டையில். கல்யாணமான மகள் பெயர் இன்னும் பிறந்த வீட்டு அட்டையில். மூன்றையும் குடும்ப அட்டைத் திருத்தத்தில் முதலில் சரிசெய்துவிட்டு மையத்துக்குப் போங்கள். ஏனென்றால் குடும்ப அட்டையில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீட்டில் பெயர் ஏறாது.

இன்னொன்று. முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பே கிடையாது, பெருமாள்புரம் முகாமில் இருக்கிறவர்கள் தைரியமாகப் போகலாம். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் இங்கே 6 மாதத்துக்கு மேல் இருந்ததற்குத் தொழிலாளர் துறைச் சான்று இருந்தால் வழி உண்டு. நம்மூர்க் கட்டட வேலையில் இருக்கிற வடமாநிலப் பையன்களுக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை.

#11 குழித்துறை_ஆத்துப்பாலம்

சரி, ஒத்துக்கிட்டேன். ஆனா விளவங்கோடு ஆளுக்குப் பெரிய ஆசுபத்திரின்னா திருவனந்தபுரம் ஆக்கும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்குப் போறதும் அங்க போறதும் ஒண்ணு. நம்ம அட்டை அங்க ஓடுமா?

#12 கருங்கல்_கொல்லாமாவு

எல்லா அட்டையும் ஓடாதுண்ணே. 2018 செப்டம்பர்ல மத்திய அரசோட ஆயுஷ்மான் திட்டத்தை நம்ம திட்டத்தோட சேர்த்தாங்க இல்லையா, அந்தப் பட்டியல்ல பேர் உள்ள குடும்பத்துக்குத்தான் வெளிமாநிலத்துல பயன்படுத்துற வசதி. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்புல எடுத்த பேரு அது. மத்தவங்க அட்டை தமிழ்நாட்டு அரசுப் பணத்துல ஓடுறது. வெளியில பாக்க ஒரே அட்டை மாதிரித்தான் இருக்கும், அதாக்கும் குழப்பம்.

நீங்க எந்தப் பக்கம்னு ஆயுஷ்மான் உதவி எண் 14555-ல ஆதாரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்க, இல்லாட்டா முதலமைச்சர் திட்ட எண் 1800 425 3993. ஆயுஷ்மான் பட்டியல்ல இருந்தாலும், அங்க உள்ள ஆஸ்பத்திரி அந்தத் திட்டத்துல இருக்கா, உங்களுக்கு வேண்டிய பிரிவுக்கு இருக்கான்னு சேருறதுக்கு முன்னாடி அவங்க காப்பீட்டு கவுண்டர்ல கேளுங்க. கேரளாக்காரங்களுக்கு அவங்க காருண்யா திட்டம் தனி. அது நமக்கு இல்ல.

#13 ஆசாரிபள்ளம்_வார்டு

ஆஸ்பத்திரிக்குள்ளே நடப்பதைச் சொல்கிறேன், அட்டை கையில் இருந்தும் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சேர்க்கும்போதே அட்டையைக் காட்டணும். காப்பீட்டு கவுண்டரில் உள்ள ஒருங்கிணைப்பாளர் பரிசோதனை முடிவுகள், மருத்துவர் குறிப்பு, போட்டோ எல்லாம் ஏற்றி முன் அனுமதி கேட்பார். அனுமதி வந்த பிறகுதான் அறுவை. அவசரம் என்றால் சிகிச்சை தொடங்கிவிட்டு அனுமதி கேட்கவும் வழி உண்டு. இந்தத் திட்டத்தில் நீங்கள் பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்குவது கிடையாது. தனியாரில் முன்பணம் கட்டிவிட்டு மூன்றாம் நாள் அட்டையை எடுத்தால் அந்தப் பணம் போனதுதான்.

ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறது என்பது போதாது. பிரிவுவாரியாகத்தான் அனுமதி. கண்ணுக்கு இருக்கும், எலும்புக்கு இருக்காது. வாசலில் பெரிய பலகை இருக்கும், பிரிவு எழுதியிருக்காது.

அனுமதி வந்த சிகிச்சைக்கு மொத்தமாக நிர்ணயித்த தொகுப்புத் தொகைக்குள்ளே படுக்கை, மருந்து, பரிசோதனை, சாப்பாடு அடங்கும். ஊசி மட்டும் வெளியில் வாங்கி வாருங்கள், அறை நல்லதாகத் தருகிறோம், வித்தியாசம் கட்டுங்கள் என்று சொன்னால் ரசீது கேளுங்கள். ரசீது தரமாட்டார்கள். அந்த இடத்திலேயே 1800 425 3993-க்குப் போன் போடுங்கள், அட்டை எண்ணும் நோயாளி பெயரும் சொன்னால் போதும். வீட்டுக்கு வந்தபிறகு புகார் கொடுத்தால் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அட்டை இல்லாவிட்டாலும் வைத்தியம் நடக்கும். இருந்தும் அட்டையைக் காட்டச் சொல்வது எதற்கென்றால், காப்பீட்டுத் தொகை அந்த ஆஸ்பத்திரிக்குத்தான் வருகிறது, அதில் கருவியும் உள்வைப்புப் பொருளும் வாங்குகிறார்கள். காட்டுங்கள், உங்களுக்கு நட்டமில்லை.

சாலை விபத்து என்றால் இவை ஒன்றும் வேண்டாம். இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரம் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தாராக இருந்தாலும், பதிவு பெற்ற ஆஸ்பத்திரியில் இலவசம். அதற்குப் பின்தான் அட்டைப் பேச்சு.

#14 பார்வதிபுரம்_பாலம்

வேலை போனா ஈ.எஸ்.ஐ.யில பணமும் தருவாங்கன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

#15 வடசேரி_கணக்கு

இரண்டு திட்டம், இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

அடல் பீமித் திட்டம்: வேலை போய் 30 நாள் ஆனபின் கேட்கலாம். சராசரி தினக்கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு தடவை. வேலை போவதற்கு முன் இரண்டு வருஷம் காப்பீட்டில் இருந்திருக்கணும், கடைசிக் கட்டும் காலத்தில் 78 நாள், அதற்கு முந்தின மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள். சராசரி 450 ரூபாய் என்றால் 225 பெருக்கல் 90, அதாவது 20,250. ஓய்வு, விருப்ப ஓய்வு, ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கம் இதற்கெல்லாம் இல்லை. விண்ணப்பம் ஐ.பி. கணக்கில் நுழைந்து ஆன்லைனில். இது காலக்கெடு வைத்து அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம், போடுகிற அன்று நடப்பில் உள்ளதா என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராஜீவ் காந்தி ஷ்ரமிக் திட்டம்: ஆலை மூடல், ஆட்குறைப்பு, அல்லது வேலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் 40 சதவீதத்துக்குக் குறையாத நிரந்தர ஊனம். முதல் 12 மாதம் கூலியில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். அந்தக் காலம் முழுவதும் குடும்பத்துக்கு மருத்துவமும் உண்டு. #7-ல் சொன்ன எண் 10 இங்கேதான் காசாகிறது. ஷெட்டைப் பூட்டிவிட்டு ஆட்களுக்கு 2 போட்டு அனுப்பும் முதலாளி, இரண்டு வருஷப் படியை ஒரு எண்ணில் அழிக்கிறார்.

#16 கருங்கல்_கொல்லாமாவு

அதோட ஐ.பி. எண்ணையும் சொல்லிடுங்கண்ணே. வேற ஷெட்டுக்குப் போறப்ப பழைய எண்ணைக் கொடுக்காம புது எண் போட்டுடுறாங்க. நாள் ரெண்டு எண்ல பிரிஞ்சு கிடக்கும். அங்க 40, இங்க 45, மொத்தம் 85 இருந்தும் ரெண்டுலயும் 78 இல்ல. ஒரு ஆளுக்கு ஆயுசுக்கும் ஒரே எண்தான். ரெண்டு இருந்தா கிளை அலுவலகத்துல மனு கொடுத்து சேர்க்கச் சொல்லுங்க.

#17 நாஞ்சில்_பென்ஷன்

அரசு ஊழியராக ஓய்வு பெற்றவர்கள் இந்த இழையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஓய்வூதியர் மருத்துவக் காப்பீடு தனி. 2022 ஜூலை திட்டத்தில் மாதம் 497 ரூபாய் ஓய்வூதியத்திலேயே பிடித்தம், நாலு வருஷத் தொகுதிக்கு 5 லட்சம், குறிப்பிட்ட சிகிச்சைகளுக்கு 10 லட்சம். பணியில் இருந்தபோது வைத்திருந்த அட்டை ஓய்வுக்குப் பின் செல்லாது, ஓய்வூதியர் அட்டை வேறு. கருவூலத்தில் துணைவர் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பு இல்லை. ஆதார் இருந்தால் செயலியில் எடுக்கலாம். எடுத்துவிட்டால் மட்டும் நம்மூர் ஆஸ்பத்திரியில் ஓடும் என்று எண்ணிக்கொண்டு படுக்கையோடு போய் நிற்காதீர்கள், அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் முன்கூட்டியே கேளுங்கள்.

#18 பளுகல்_எல்லை

ஒரே ஒரு கேள்வி. பாறசாலையில இருந்து கட்டிக்கிட்டு வந்த மருமகளுக்கு நம்ம காப்பீட்டு அட்டையில பேர் சேர்க்கணும். அவ வீட்டுக்காரனுக்கு ஈ.எஸ்.ஐ. இந்த டிசம்பரோட முடியுது. ஆதார் கேரள விலாசம், மலையாளத்துல பேர். எங்க தொடங்குறது?

#19 தக்கலை_இசேவை

அண்ணே, வரிசை மாறாமல் செய்யுங்கள். முதலில் கேரளத்துக் குடும்ப அட்டையில் பெயர் நீக்கி, நீக்கல் சான்று. அங்கே இருக்கும்போது இங்கே சேர்க்க முடியாது, ஆதார் எண் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது ஆதார் விலாச மாற்றம், திருமணச் சான்றை வைத்து. அதோடு தமிழிலும் பெயரைச் சரியாக ஏற்றச் சொல்லுங்கள், மலையாளத்திலிருந்து தானாக மாறும்போது எழுத்து சிதையும், அந்தச் சிதைந்த பெயரே கடைசிவரை வரும். மூன்றாவது இங்கே குடும்ப அட்டையில் உறுப்பினர் சேர்ப்பு, நீக்கல் சான்றோடு. குடும்ப அட்டையில் ஏறியபின் கலெக்டர் ஆபீஸ் மையம்.

டிசம்பர்வரை அவளுக்கு ஈ.எஸ்.ஐ. ஓடும், ஆனால் வீட்டுக்காரனின் ஈ.எஸ்.ஐ. பதிவில் மனைவி பெயர் ஏற்றியிருந்தால்தான். அதை இன்றைக்கே பாருங்கள். இல்லை என்றால் பழைய நிறுவனம் மூலமோ கிளை அலுவலகத்திலோ திருமணச் சான்றோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

#20 பளுகல்_எல்லை

பாத்தேன். அம்மை பேர் இருக்கு, மனைவி பேர் இல்ல. திங்கக்கிழமை நாகர்கோவில் போறோம்.